நத்தார் கரோலுக்கு ஒரு கிற்றார் பாடம்: ‘ஒப்பில்லா திரு இரா’, மூன்று கோர்ட், ஆறு எண்ணிக்கை

நவம்பர் பிறந்தால் இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கரோல் ஒத்திகை தொடங்கிவிடும். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று எங்கே போனாலும் மடியில் ஒரு கிற்றாரும் எதிரே ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தாளுமாக யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “அண்ணே, கோர்ட் மூணும் புடிக்கத் தெரியும். ஆனா பாட்டோட சேர மாட்டேங்குது, ஏன்?”

சிக்கல் இடது கையில் இல்லை, வலது கையில் இருக்கிறது. ஆனால் கோர்ட் பிடிப்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்லித்தருகிறார்கள். இந்தப் பாடத்தில் நான் தலைகீழாகப் போகிறேன். முதலில் எண்ணிக்கை, பிறகு வலது கை, கடைசியில்தான் கோர்ட். கிற்றாரை மடியில் வைப்பதும், கம்பிகளை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கம்பிகளின் எண்கள் வழக்கம்போலத்தான். மெல்லிய கம்பி 1, தடித்தது 6.

ஆங்கிலத்தில் ‘சைலண்ட் நைட்’ என்று பாடும் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. இது கிற்றாரோடு பிறந்த பாட்டு. யோசப் மோர் என்ற குருவானவர் 1816 இல் எழுதிய கவிதைக்கு, ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர் மெட்டமைத்தார். 1818 டிசம்பர் 24 அன்று, ஒஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப் என்ற ஊரின் தேவாலயத்தில், மோர் கிற்றார் வாசித்துக்கொண்டே பாட, குரூபர் கீழ்க்குரலில் சேர்ந்து பாடினார். “கிற்றார் எல்லாம் ஆராதனைக்குச் சரிவராது” என்று சபையில் பெரியவர்கள் யாராவது சொன்னால், இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

கிற்றாரைத் தொடாமல் முதல் படி

பாட்டு ஆறு எண்ணிக்கையில் நடக்கிறது. ‘தகிட தகிட’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அதுதான் தாளம். திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த நடை புதிதல்ல. இங்கே அது மிக மெதுவாக வரும், அவ்வளவுதான்.

இப்போது முதல் சொல்லை அதன்மேல் வையுங்கள். ‘ஒப்’ முதல் இரண்டு எண்ணிக்கைக்கு நீளும். ‘பில்’ மூன்றாவதில் விழும். ‘லா’ நான்கில் தொடங்கி ஆறு வரை நிற்கும். பாடகர் குழுவில் பாதிப்பேர் அந்த ‘லா’வை ஐந்தோடு வெட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுவார்கள். கிற்றார்காரர் அவர்களோடு ஓடினால் இரண்டாம் வரியிலேயே பாட்டு குலைந்துபோகும். தொடையில் தட்டிக்கொண்டு ஒரு சரணம் முழுவதும் பாடுங்கள். தட்டு நிற்காமல் வந்த பிறகுதான் கிற்றாரை எடுக்க வேண்டும்.

வலது கை

பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வேண்டாம். இந்தப் பாட்டுக்கு விரல்தான் அழகு என்பது என் உறுதியான எண்ணம். கட்டைவிரல் தடித்த கம்பிக்கு, சுட்டுவிரல் 3 ஆம் கம்பிக்கு, நடுவிரல் 2 க்கு, மோதிரவிரல் 1 க்கு. மீட்டும் வரிசை: கட்டை, சுட்டு, நடு, மோதிரம், நடு, சுட்டு. எண்ணிப் பாருங்கள், சரியாக ஆறு. ஒரு ‘தகிட தகிட’ முடிந்தது. இதை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டைவிரல் மட்டும் கோர்ட்டுக்கு ஏற்ப இடம் மாறும். ஜி கோர்ட்டுக்கு 6 ஆம் கம்பி, சி கோர்ட்டுக்கு 5, டி7 க்கு 4. மற்ற மூன்று விரல்களும் தங்கள் கம்பியை விட்டு அசைவதில்லை. இடது கையால் எதையும் அழுத்தாமல், பேச்சுக் கொடுத்தால்கூட நிற்காத அளவுக்கு இதைப் பழகுங்கள். போனில் மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) இருந்தால் நிமிடத்துக்கு 80 இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு கம்பி. பழகியதும் 120 வரை போகலாம். அதற்குமேல் போனால் தாலாட்டின் அமைதி கெட்டுவிடும்.

கோர்ட் வரிசை

ஒரு சரணம் பன்னிரண்டு கட்டம்:

1 ஜி | 2 ஜி | 3 டி7 | 4 ஜி
5 சி | 6 ஜி | 7 சி | 8 ஜி
9 டி7 | 10 ஜி | 11 ஜி – டி7 | 12 ஜி

நீங்கள் வேறு மொழிபெயர்ப்பில் பாடினாலும், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பாடினாலும் இதே வரிசைதான்.

ஜி கோர்ட்டைப் பலரும் நடுவிரலை 6 ஆம் கம்பியிலும் சுட்டுவிரலை 5 ஆம் கம்பியிலும் வைத்துப் பழகியிருப்பார்கள். தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். 6 ஆம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கிற்றார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) மோதிரவிரல், 5 ஆம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், 1 ஆம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டுவிரல். முதலில் சுண்டுவிரல் வலிக்கும், பழகப் பழகச் சரியாகிவிடும். இதன் பலன் சி க்கு மாறும்போது தெரியும். மோதிரவிரலும் நடுவிரலும் அதே ஃபிரெட்டில் இருந்தபடி ஆளுக்கு ஒரு கம்பி கீழே இறங்குகின்றன, சுட்டுவிரல் 2 ஆம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் வந்து உட்காருகிறது. கை இடம் பெயரவே இல்லை.

டி7 க்கு 2 ஆம் கம்பி முதல் ஃபிரெட்டில் சுட்டுவிரல், 3 ஆம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், 1 ஆம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் மோதிரவிரல்.

பதினோராம் கட்டம்

பத்துக் கட்டம் அழகாக வாசித்தவர்களும் இங்கே வந்துதான் தடுமாறுகிறார்கள். மற்றக் கட்டங்களில் ஒரு கோர்ட்டுக்கு ஆறு எண்ணிக்கை இருக்கிறது. இங்கே மூன்றுதான். முதல் ‘தகிட’ ஜி, அடுத்த ‘தகிட’ டி7. அதனால் மீட்டும் வரிசையும் இரண்டாக உடையும். கட்டை, சுட்டு, நடு. மறுபடி கட்டை, சுட்டு, நடு.

இதை நான் ஒவ்வொரு எண்ணிக்கையாகப் பிரித்துப் பார்த்துத்தான் தீர்த்தேன். நீங்களும் மெதுவாக வாசித்துப் பாருங்கள்.

ஒன்று: கட்டைவிரல் 6 ஆம் கம்பியை மீட்டுகிறது. இதற்கு மோதிரவிரல் மட்டும் அழுத்தியிருந்தால் போதும். இரண்டு: 3 ஆம் கம்பி, அது திறந்த கம்பி. மூன்று: 2 ஆம் கம்பி, அதுவும் திறந்த கம்பி. அதாவது மூன்றாவது எண்ணிக்கை வரும்போது இடது கைக்கு அழுத்த வேண்டிய வேலை எதுவும் இல்லை. அப்போதே விரல்களைத் தூக்கிவிடலாம். நான்கு: கட்டைவிரல் 4 ஆம் கம்பிக்கு மாறுகிறது. டி7 இல் அதுவும் திறந்த கம்பிதான், இன்னும் ஒரு விரல்கூடத் தேவைப்படவில்லை. ஐந்து: 3 ஆம் கம்பி, இப்போதுதான் நடுவிரல் வேண்டும். ஆறு: 2 ஆம் கம்பி, சுட்டுவிரல் வேண்டும். மோதிரவிரலுக்கு இந்தக் கட்டத்தின் டி7 இல் வேலையே இல்லை, 1 ஆம் கம்பியை நாம் மீட்டுவதில்லையே.

மூன்று விரலும் ஒரே நேரத்தில் பாய்ந்து உட்கார வேண்டும் என்று நினைப்பதால்தான் கை பதறுகிறது. உண்மையில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம், அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. பன்னிரண்டாம் கட்டத்துக்குத் திரும்பும்போதும் அப்படியே. முதலில் மோதிரவிரல் மட்டும் 6 ஆம் கம்பிக்கு. சுண்டுவிரல் நான்காவது எண்ணிக்கைக்குள் வந்தால் போதும். இந்த இரண்டு கட்டத்தையும் தனியாகத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். முழுப்பாட்டையும் ஓட்டுவதைவிட இது பலன் தரும்.

ஒன்பது வயது மகனுக்குக் கை சின்னதாக இருக்கிறது, ஜி எட்டவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். மேலே சொன்ன கணக்கே பதில். இந்த மீட்டலில் ஜி கோர்ட்டின் 5 ஆம் கம்பியும் சி கோர்ட்டின் 4 ஆம் கம்பியும் ஒலிப்பதே இல்லை. ஆகவே இரண்டிலும் நடுவிரலை விட்டுவிடலாம். ஜி க்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும், சி க்கு மோதிரவிரலும் சுட்டுவிரலும். பிள்ளை அப்படியே தொடங்கட்டும், கை வளர்ந்ததும் முழுக் கோர்ட்டையும் பிடிக்கலாம்.

குளிரும் சுருதியும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அடுப்படிச் சூட்டில் சுருதி சேர்த்த கிற்றாரை டிசம்பர் இரவில் வெளியே கொண்டுபோனால், குளிரில் உலோகக் கம்பி சுருங்கிச் சுருதி மேலே ஏறிவிடும். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் ஏறாது என்பதுதான் தொல்லை. கிற்றாரைப் பையிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் பத்து நிமிடம் வைத்த பிறகு சுருதி சேருங்கள். அடுத்த லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசைக்கு) போனதும் ஒருமுறை பாருங்கள்.

இதற்குப் போன் செயலி சரிவராது. பக்கத்தில் பிள்ளைகள் பேசும் சத்தத்தையும் அது பிடித்துக்கொள்ளும். தலைப்பகுதியில் கவ்வி, மரத்தின் அதிர்வை எடுக்கும் கிளிப் டியூனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி 0.010 அல்லது 0.011 அளவு (1 ஆம் கம்பியின் தடிமன், அங்குலத்தில்) போதும். குளிரில் விறைத்த விரலுக்கு தடித்த கம்பி தண்டனை. மிஸ்ட் (பனிமூட்டம்) இறங்கும் நேரத்தில் வாசித்தால், வீட்டுக்கு வந்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்காமல் பையில் போடாதீர்கள், துருப்பிடித்துவிடும். விரல் சூட்டுக்குச் சூடான சாயத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்திருப்பதே போதும். எந்தக் கையுறையும் அதற்கு ஈடில்லை.

பலர் சேர்ந்து பாடும்போது

வெளியில் இருபது முப்பது பேர் பாடினால் விரல் மீட்டல் கேட்காது என்று இரண்டொருவர் சொன்னார்கள், உண்மைதான். அங்கே இப்படி மாற்றுங்கள். ஒன்றில் கட்டைவிரல், இரண்டிலும் மூன்றிலும் மெல்லிய கம்பிகளை விரல் நகத்தால் கீழ்நோக்கி வருடுதல். நான்கில் மறுபடி கட்டைவிரல், ஐந்திலும் ஆறிலும் வருடல். நான்காவதில் ஜி க்கும் சி க்கும் கட்டைவிரல் 4 ஆம் கம்பியைத் தொடலாம், டி7 க்கு 5 ஆம் கம்பியைத் தொடலாம். சத்தம் நிறையும், ‘தகிட’ குலையாது. ஆனால் முழுக் கோர்ட்டும் தெரிந்த பிறகே இதற்கு வாருங்கள், இங்கே விடுபட்ட விரல் காதில் விழும்.

ஜி இல் இந்தப் பாட்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கீழே போய்விடும். கடைசிச் சொல்லில் குரல் மூழ்கும். மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு அதே கோர்ட்டுகளை வாசியுங்கள். அது பி ஃபிளாட். கீபோர்ட் வாசிப்பவரிடம் அப்படியே சொல்லுங்கள். கேப்போவை ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் வைக்க வேண்டும், தள்ளி வைத்தால் கம்பி இரையும். கேப்போ கம்பியை அழுத்தி இழுப்பதால் சுருதி சற்று ஏறும், எனவே போட்ட பிறகு மறுபடி டியூனரைப் பாருங்கள். கம்பி உயரமாக நிற்கிற மலிவுக் கிற்றாரிலும் கேப்போ போட்டால் அழுத்துவது இலகுவாகும்.

பாட்டைத் தொடங்கிக் கொடுக்க ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான கட்டங்களை வாசியுங்கள். சுருதியும் வேகமும் எல்லோருக்கும் பிடிபடும். பன்னிரண்டின் ஆறு எண்ணிக்கையும் முழுதாக முடிந்த பிறகு தலையை அசைத்து உள்ளே அழையுங்கள், சரணங்களுக்கு நடுவிலும் அப்படியே.