சர்ச்சையில் சிக்கிய சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி எழுதுவது எப்படி?

அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதக் கற்றுத் தருகிறேன். பயிற்சிக்கு நான் முதலில் கொடுப்பது ஜூலியன் பாண்டைத்தான். அவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்கு 1965-இல் தேர்வான கறுப்பின இளைஞர். 1966 ஜனவரி 10 அன்று 184-க்கு 12 என்ற வாக்கில் சபை அவரைப் பதவியேற்க விடவில்லை.

முதலில் எந்த அவை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரதிநிதிகள் அவை வாஷிங்டனிலும் உண்டு, மாநிலத்திலும் உண்டு. பாண்ட் தேர்வானது அட்லாண்டாவில் கூடும் மாநில அவைக்கு.

அப்புறம், வெறுமனே 'சர்ச்சைக்குரியவர்' என்று எழுதி நகராதீர்கள். யார், எதற்காக எதிர்த்தார்கள் என்று எழுதுங்கள். பாண்ட் வேலை பார்த்த மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு என்ற கறுப்பினர் உரிமை இயக்கம், வியட்நாம் போரைக் கண்டித்து, கட்டாய ராணுவ சேவைக்குப் போக மறுப்பவர்களை ஆதரித்து ஜனவரி 6 அன்று அறிக்கை விட்டது. அதற்கு மூன்று நாள் முன்புதான் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின மாணவர் சாமி யங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அறிக்கையில் அவர் பெயரும் இருக்கிறது. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்தால்தான் அதிலிருந்த கோபம் வாசகருக்குப் புரியும். பாண்ட் அந்த அறிக்கையை ஆமோதித்தார். சபை உறுப்பினர்கள் 75 பேர் எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்திட்டார்கள்.

சரி, அவர் என்னதான் சொன்னார்? தலைப்புச் செய்திகளை விட்டுவிட்டு, சபை அவரை விசாரித்த பதிவுக்குப் போங்கள். பதவி மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே அது மேற்கோளாக இருக்கிறது. ராணுவப் பதிவு அட்டையை எரிக்கச் சொல்லி யாரையும் தூண்டியதில்லை, தன்னுடையது பையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார். கடும் விளைவு வரும் என்று தெரிந்தும் மனசாட்சிப்படி நடப்பவரின் துணிச்சலை மெச்சுவதாகவும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மறைத்தால் அவர் தேசத்துரோகியாகவோ பின்வாங்கியவராகவோ தெரிவார், இரண்டுமே அநியாயம்.

தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கீழ் நீதிமன்றத்தில் 2-க்கு 1 என்று தோற்றார். டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக வென்றார். இடையில் தொகுதி மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வழக்கோடு நிறுத்தவும் கூடாது. 1967 முதல் 1975 வரை மாநிலப் பிரதிநிதிகள் அவை, 1987 வரை மாநில செனட் என்று இருபது ஆண்டுகள் பணியாற்றினார். ஜனநாயகக் கட்சியின் 1968 தேசிய மாநாட்டில் துணை அதிபர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தார்கள்; வயது 28, தேவை 35 என்பதால் விலகினார். 1986-இல் வாஷிங்டனிலுள்ள பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு, கட்சி முன்தேர்தலில் ஜான் லூயிஸிடம் தோற்றார். லூயிஸ் அதே மாணவர் குழுவின் முன்னாள் தலைவர், பழைய நண்பர். அந்தத் தோல்விக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.