வீட்டுக்குள் மிளகாய்ச்செடி: வலைக்கு அடியில் படரவிடும் முறை

எல்இடி விளக்குக்குக் கீழே மிளகாய்ச்செடி வளர்த்தால் ஒரு கட்டத்தில் இதைப் பார்ப்பீர்கள்: உச்சிக்கொழுந்து விளக்கை முட்டும், கீழ்க்கிளைகள் நிழலில் சவலையாகக் கிடக்கும். காய் மேலே நாலு, அடியில் வெறும் இலை. விளக்கிலிருந்து தள்ளிப்போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறைவதுதான் காரணம். எல்லா நுனிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாமே விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்குத்தான் வலை: செடிக்கு மேலே படுக்கைவாட்டில் கட்டி, கிளைகளை அதன் அடியில் வளைத்துப் படரவிடுவோம். நல்ல வெயிலில் நிற்கும் செடிக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

நாற்று விடுவது, தொட்டி மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வலைக்கு வருகிறேன்.

1. வலை கட்டுதல்

கம்பி வலை வேண்டவே வேண்டாம், தண்டை அறுத்துவிடும். ரப்பர்போல இழுபடும் வலையும் எனக்குப் பிடிக்காது. கிளைகள் தள்ளத் தள்ள அதுவும் கூடவே எழும்பி நடுவில் குவியும். பிவிசி குழாயில் ஒரு சதுரச் சட்டம் செய்து, நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இறுக்கமாகக் கட்டுங்கள். கட்டம் 5 முதல் 8 செ.மீ. இருக்கட்டும். மண்ணிலிருந்து 20–25 செ.மீ. உயரம் போதும்.

சட்டத்தின் கால்களைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள், அலமாரியோடு கட்டாதீர்கள். கிளைகள் பின்னிக்கொண்ட பிறகு வலையைக் கழற்ற முடியாது. அலமாரியில் கட்டினால் செடி அங்கேயே சிறை: தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டவும் முடியாது, பின்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது.

2. கொழுந்து கிள்ளுதல்

ஆறேழு இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் அவை கிளம்பும். அப்புறம் ஒரு வாரம் செடியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

3. வளைத்துச் செருகுதல்

பலரும் கிளையை ஒடித்துக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கிளை வலைக்கு மேலே நாலைந்து செ.மீ. எட்டிப் பார்த்ததும் அதைக் கீழே இழுத்து, கயிற்றுக்கு அடியில் கொடுத்து, வெளிப்பக்கம் உள்ள அடுத்த கட்டத்தில் நுனியை விடுங்கள். எப்போதும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி. தண்ணீர் ஊற்றிய கையோடு இதைச் செய்யாதீர்கள். தண்டு விறைப்பாக இருக்கும், படக்கென்று ஒடியும். மேல்மண் காய்ந்து, அடுத்த தண்ணீருக்கு முன்னால் உள்ள நேரம்தான் சரி.

மிளகாய்த்தண்டு நடுவில் அவ்வளவாக ஒடியாது, கவை பிரியும் இடத்தில்தான் பிளக்கும். ஒரு கையின் இரண்டு விரலால் கவையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அதற்கு அப்பால் வளையுங்கள். பச்சையாக இருக்கும் தண்டு வளையும். பழுப்பேறி முற்றிய தண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பாதி பிளந்துவிட்டால் வெட்டி எறிந்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து டேப் சுற்றி விடுங்கள். தோல் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கூடிக்கொள்ளும், அந்த இடம் முடிச்சுபோலப் புடைக்கும்.

முக்கால் வலை நிரம்பும்வரை இதே வேலைதான். நடுவே வரும் ஓரிரு பூக்களைக் கிள்ளிவிடலாம். நிரம்பியதும் வளைப்பதை நிறுத்திவிட்டு, கிளைகளை மேலே போக விடுங்கள்.

4. அடியைச் சுத்தம் செய்தல்

வலைக்குக் கீழே வெளிச்சம் படாத இலைகளையும் குச்சிக்கிளைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி ஓடட்டும்.

விளக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியலாம். கையை நீட்டிச் சூடு பார்த்து உயரம் வைப்பது எல்இடிக்குச் சரிவராது. சூடே தெரியாமல் மேல் இலை வெளிறும், ஓரம் சுருளும். அப்படிக் கண்டால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

பின்னர் சேர்த்தது: "பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். மிளகாய்ப்பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனால் அசைவு வேண்டும். பூத்திருக்கும்போது தினமும் சட்டத்தை விரலால் நாலு தட்டு தட்டுங்கள், எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் ஆடும். அப்படியும் உதிர்ந்தால் வெப்பத்தைப் பாருங்கள். 32 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நின்றால் பூ தங்காது.

தக்காளிக்கு இது ஆகுமா என்று இன்னொரு கேள்வி. கொடித்தக்காளி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், வளைத்து மாளாது. அதற்கு மேலிருந்து ஒற்றைக் கயிறு தொங்கவிடுவதே மேல்.

இன்னொன்று, காயை இழுத்துப் பறிக்காதீர்கள். கிளை கயிற்றில் மாட்டியிருப்பதால் கவையோடு கிழியும். கத்தரிக்கோலால் காம்பை நறுக்குங்கள்.