நாவலரின் வீட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலும் அப்படியொரு வீடு இருக்கும், அதில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் எழுதுமேசையும் சட்டமிட்ட படங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். அந்த எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொண்டு வருவது நல்லது. 1822 இல் நல்லூரில் பிறந்து 1879 இல் மறைந்த நாவலர் வீட்டுக்குள் இருந்து எழுதியவர் அல்லர். பள்ளிக்கூடம், கோயில், அச்சுக்கூடம் என்று ஓயாமல் அலைந்தவர். ஆகவே அவரை நடந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முற்பகல் போதும். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. வெசுலியன் மிசன் நடத்திய இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் ஆங்கிலம் படித்தார். பிறகு இங்கேயே ஆசிரியராக இருந்தார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். சைவத்துக்காகக் கடைசிவரை வாதாடிய ஒருவருடைய உரைநடை, விவிலியத்தைத் தமிழாக்கிய பணியில் பழகித் தேர்ந்தது என்பதை அந்த மதிலுக்கு வெளியே நின்று நினைத்துப் பார்ப்பது சுவையான அனுபவம். பள்ளி நடக்கும் நாட்களில் உள்ளே போக முயல வேண்டாம். அனுமதி பெறுவது சிரமம், பிள்ளைகளின் படிப்புக்கும் இடையூறு.

அயலிலேயே பொது நூலகம் இருக்கிறது. 1981 மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்த கட்டடம் இது. இன்று வெள்ளை வெளேரென்று மீண்டும் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் படம் எடுக்கத் தோன்றும். முன்னால் உள்ள சரசுவதி சிலையோடு படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுடைய மேசைகளுக்கு நடுவே கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு திரிவது அழகல்ல. பார்வையாளருக்கான நேரத்தை வாசலில் கேட்டறிந்து, அமைதியாக ஒரு சுற்று வந்தால் போதும்.

அங்கிருந்து முச்சக்கர வண்டியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலுக்குப் போங்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் அதிக நேரம் தங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. வைத்தீசுவரன் கோயில் என்றும் இதைச் சொல்வார்கள். 1847 ஆம் ஆண்டின் கடைசி நாளில் நாவலர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை இங்கேதான் செய்தார். பாதிரிமார் மேடைப்பேச்சால் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்த காலத்தில், அதே முறையைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அடுத்த ஆண்டு, 1848 இல், சைவப்பிரகாச வித்தியாசாலையை வண்ணார்பண்ணையிலேயே தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இல்லை என்ற குறை வந்தபோது, 1849 இல் தமிழகம் சென்று அச்சியந்திரத்தோடு திரும்பினார். திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ என்ற பட்டத்தை வழங்கியதும் அந்தப் பயணத்தில்தான். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. புறப்படுமுன் பாலபாடத்தில் நாலைந்து பக்கங்களையாவது உங்கள் பிள்ளைகளோடு வாசித்துவிட்டு வந்தால், கோயில் வீதியில் நிற்கும்போது சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும். அவருடைய சாதி நிலைப்பாடு இன்றுவரை கண்டிக்கப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

நாவலர் வீதியில் உள்ள நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்புறம் தொல்பொருள் நூதனசாலை ஒதுங்கிக் கிடக்கிறது. பெரிய பெயர்ப்பலகையை எதிர்பார்த்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். வாசலில் ஒல்லாந்தர் காலப் பீரங்கிகளும் உள்ளே கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைத் துண்டுகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை நூதனசாலை மூடியிருக்கும், அன்றைய நாளைத் தவிர்த்துவிடுங்கள். நல்லூரில் நாவலர் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டுக் கந்தசுவாமி கோயிலுக்குள் போகிற ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இருபத்தைந்து நாள் நடக்கும் மகோற்சவக் காலத்தில் வந்தால் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் ஓடாது.

பிற்பகலைக் கைவினைக்கு ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்துக் கலை என்றதும் ஓவியத்தையும் சிற்பத்தையும் மட்டுமே தேடுகிறவர்கள், அம்மம்மா வீட்டுக் குசினியில் கிடந்த பனையோலைக் கடகத்தை மறந்துவிடுகிறார்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, சிலவற்றுக்குச் சாயம் ஏற்றி, பெட்டி இழைக்கிற கையின் வேகத்தை ஒருமுறை நேரில் பார்த்தால், அந்த விலையில் பேரம் பேச மனம் வராது. கடகம், சுளகு, மூடற்பெட்டி, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, வெற்றிலைக்கான கொட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ கடையில் இவற்றை வாங்கலாம். ஆனால் உங்கள் சொந்தக் கிராமத்தில் இழைக்கிற ஆச்சி ஒருவர் இருந்தால், அவரிடம் நாலு நாள் முன்பே சொல்லிவைத்து, அவர் கேட்கும் தொகையை முற்பணமாகக் கொடுத்துச் செய்வித்துக்கொள்வதே மேல். நிறத்தையும் அளவையும் நீங்களே சொல்லலாம். அருகில் இருந்து பார்க்கவும் விடுவார். படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள்.

இரண்டு விடயங்களை மட்டும் கவனியுங்கள். பச்சை ஈரம் காயாத பெட்டியைப் பொதிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பே வாங்கி, நிழலில் உலரவிடுங்கள். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் திரும்புகிறவர்கள், ஓலையால் செய்த பொருள் கொண்டுவருவதை அந்நாட்டுக்குள் நுழைவதற்கு நிரப்பும் வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் அதிகாரி எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார். மறைத்தால் கடகத்தின் விலையைப் போலப் பல மடங்கு தண்டம் கட்ட நேரிடும்.