கதவுக்கு ஜிப்சம் ஸ்க்ரூ வேண்டாம்

புதிதாகத் தச்சு வேலைக்கு வரும் பையன்கள் கையில் இப்போது நல்ல டிரில் மெஷின் இருக்கிறது. ஆனால் செய்கிற தவறெல்லாம் எங்கள் காலத்துத் தவறுகள்தான். பிட் நழுவித் தலையைத் தேய்ப்பது, நீளம் பார்க்காமல் முடுக்குவது போன்றவை வேலை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு ஸ்க்ரூவைக் கீலில் போடுவது

அது ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும், மேலே காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டுக்காகச் செய்தது. துளை போடாமலே மரத்தில் இறங்கும், விலையும் குறைவு. அதனால் அலமாரி முதல் வாசல் கதவு வரை அதையே முடுக்குகிறார்கள். பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

கடினமாக்கிய எஃகு அது. பக்கவாட்டில் பாரம் வந்தால் வளைந்து கொடுக்காது, முறிந்துவிடும். கதவின் எடை முழுக்கக் கீலில் அப்படித்தான் இறங்குகிறது. தலையின் அடிப்பக்கமும் வளைவானது, போர்டின் காகிதம் கிழியாமல் அமுங்குவதற்காக. கீலின் குழியோ நேர்ச்சரிவு. அதில் அந்தத் தலை சரியாக உட்காராது.

திருவான்மியூரில் ஒரு வீட்டில் தேக்குக் கதவு தரையில் உரசுகிறது என்று கூப்பிட்டார்கள். மேல் கீலைக் கழற்றினால், ஸ்க்ரூத் தலைகள் கையோடு வந்துவிட்டன. உடைந்த தண்டுகள் கதவு நிலைச்சட்டத்துக்குள்ளேயே துருவேறி இறுகிக் கிடந்தன. அந்தக் கறுப்புப் பூச்சு கடற்காற்றைத் தாங்காது. தண்டைச் சுற்றித் தேக்கைக் குடைந்து எடுத்து, தேக்குக் கட்டை செருகிப் பசை போட்டு அடைத்து, காய்ந்தபின் புதுத் துளை போட வேண்டியிருந்தது. சில ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு நல்ல நிலைச்சட்டத்தில் ஒட்டு விழுந்துவிட்டது.

கீலுக்குத் தடித்த மர ஸ்க்ரூ வாங்குங்கள். கடலோரம் என்றால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), அதிலும் 304 தரத்தை விட 316 நன்றாகத் தாங்கும். தேக்கில் முதலில் துளை போடுங்கள். மரையை விட்டு உள்தண்டின் கனம் எவ்வளவோ, பிட் அவ்வளவு. பித்தளை ஸ்க்ரூ போடுவதானால், அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முடுக்கி வழி உண்டாக்கிக் கழற்றிவிட்டு, அப்புறம் பித்தளையைப் போடுங்கள். நேரடியாக முடுக்கினால் முறியும்.

ஷீட் கூரை

ரப்பர் வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். பிதுங்கும்வரை முடுக்கினால் வெயிலில் வெடித்து ஒழுகும்.

ஏ.ஏ.சி. பிளாக்கில் செங்கல் சுவர் பிளக்

போடவே கூடாது. ஏ.ஏ.சி. என்பது காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கட்டி. அந்த பிளாக்குக்கென்றே நைலான் பிளக் கிடைக்கிறது. துளை போடும்போது டிரில்லில் ஹேமரை, அதாவது இடித்துத் துளைக்கும் முறையை, அணைத்துவிடுங்கள்.