நம் துறை அல்லாத ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

வானியற்பியல், அரசியல் பொருளாதாரம், ரோபாட்டிக்ஸ், மரபியல் புள்ளியியல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத துறைகளின் ஆய்வு முடிவுகள் இன்று எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்கின்றன. செய்தியில் வரும் நான்கு வரிகளோடு நின்றுவிடாமல் மூலக் கட்டுரையையே படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கல்லூரி அளவுக்குப் புள்ளியியல் தெரிந்திருந்தால் போதும்; எல்லாச் சமன்பாடுகளும் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே உழைப்பவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும் என்பதால், நல்ல கட்டுரை அதற்கான விடையை முன்கூட்டியே தந்திருக்கும். வெளியிலிருந்து வாசிக்கும் நாம் தேட வேண்டியது அந்த விடையைத்தான்.

முதலில் சுருக்கவுரையைப் படித்து, கட்டுரை நிறுவ முயலும் முடிவை ஒரே வாக்கியத்தில், எண் இருந்தால் எண்ணோடு, எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்னுரையையும் முடிவுரையையும் ஒதுக்கிவிட்டு, தரவும் முறையும் விளக்கப்படும் பகுதிக்குச் செல்லுங்கள். அட்டவணைகளின் அடிக்குறிப்புகளையும், தனியாக இணைக்கப்படும் துணை ஆவணத்தையும் விட்டுவிட வேண்டாம்; எந்தத் தரவு சேர்க்கப்பட்டது, எது விலக்கப்பட்டது என்ற விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வானியற்பியல், ரோபாட்டிக்ஸ் கட்டுரைகள் ஆர்க்சைவ் தளத்திலும், மரபியல் கட்டுரைகள் பயோஆர்க்சைவ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல இன்னும் சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு உட்படாதவை என்பதை நினைவில் வையுங்கள்.

வானியற்பியல் கட்டுரையில் கேட்க வேண்டிய கேள்வி, இரைச்சலை எப்படி அளந்தார்கள் என்பது. விண்மீனை ஆய்வகத்தில் வைத்து மறுபடியும் வெடிக்கச் செய்ய முடியாது. ஒரே ஒரு முறை வந்த சைகை உண்மையானதா, கருவியின் தற்செயலான அதிர்வா என்று காட்டியாக வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பலையை (பெரும் நிறைகள் மோதும்போது காலவெளியில் எழும் அதிர்வை)ப் பதிவு செய்தபோது இதற்கு அவர்கள் கையாண்ட வழி எவருக்கும் புரியக்கூடியது. லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு ஆகிய இரு இடங்களிலும் உள்ள கருவிகளுக்கு இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் செல்லும் அலை ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய அதிகபட்சம் 10 மில்லி விநாடி ஆகும். அன்று வந்த சைகை சுமார் 7 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டையும் தொட்டது. ஆய்வாளர்கள் ஒரு கருவியின் பதிவை, அந்த 10 மில்லி விநாடியைவிட அதிகமாக, வேண்டுமென்றே நேரம் தள்ளி மற்றதன்மேல் பொருத்தினார்கள். அப்படித் தள்ளிய பிறகு இரண்டிலும் ஒத்துவரும் எதுவும் ஈர்ப்பலையாக இருக்க வழியே இல்லை. அது தற்செயல் மட்டுமே. தள்ளும் அளவை மாற்றி மாற்றி இதைத் திரும்பத் திரும்பச் செய்தபோது, 16 நாள் தரவிலிருந்தே லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு இணையான இரைச்சல் மாதிரி கிடைத்தது. இத்தனை வலுவான பொய்ச் சைகை 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நேரும் என்ற கூற்று அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. ஐந்து சிக்மா (இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைவிட ஐந்து மடங்கு விலகல்) என்ற சொல்லைக் கண்டதும் வியந்து நின்றுவிடாமல், அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படி அளக்கப்பட்ட இரைச்சல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சிக்மா எண் பெரிதாக இருந்தும் முடிவு சரிந்த கதையும் இதே துறையில் உண்டு. தென் துருவத்தில் இயங்கிய பைசெப்2 குழு, பிரபஞ்சத்தின் தொடக்க கால ஈர்ப்பலைகளின் தடத்தைக் கண்டதாக 2014 மார்ச்சில் அறிவித்தது. அவர்கள் கண்ட சைகை உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கருவி 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவெண்ணில் நோக்கியதால், நம் பால்வெளி மண்டலத்தின் தூசியும் அதே தடத்தை உண்டாக்கும் வாய்ப்பை அந்தத் தரவு மட்டும் கொண்டு விலக்க முடியவில்லை. பிளாங்க் விண்கலத்தின் உயர் அலைவெண் தரவையும் சேர்த்து 2015-இல் இரு குழுக்களும் கூட்டாக ஆராய்ந்தபோது, தூசியே அதற்குப் போதுமான விளக்கம் என்று தெரிந்தது. ஆகவே சிக்மா, சைகை இரைச்சலா இல்லையா என்பதற்கு மட்டுமே விடை தரும். அந்தச் சைகை எதனுடையது என்ற கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அரசியல் பொருளாதாரத்தில் இரைச்சலைவிடப் பெரிய சிக்கல், தரவு மிகக் குறைவு என்பதுதான். உலகில் இருப்பதே ஏறத்தாழ இருநூறு நாடுகள். அவற்றில் நீண்ட காலப் புள்ளிவிவரம் உள்ளவை இன்னும் குறைவு. எனவே எந்த நாட்டை, எந்த ஆண்டைச் சேர்த்தார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதிலேயே முடிவு மாறிவிடும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று அதில் இருந்தது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பணிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்ய முயன்றார், எண் ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது தெரிந்தது.

அந்த எக்செல் பிழைதான் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் வாசகர் கற்றுக்கொள்ள வேண்டியது எடை பற்றிய பகுதி என்பேன். பிரிட்டன் 19 ஆண்டுகள் 90 சதவீதக் கடனுக்கு மேல் இருந்தது; அந்த ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி 2.4 சதவீதம். நியூசிலாந்துக்கு 1951 என்ற ஒரே ஆண்டு மட்டும் கணக்கில் வந்தது. அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 7.6 சதவீதம். இரண்டு நாடுகளுக்கும் சம எடை. சராசரியில் இடம்பெற்றவை ஏழு நாடுகள் என்பதால், மைனஸ் 7.6-ஐ ஏழால் வகுத்தால், அந்த ஒற்றை ஆண்டு மட்டுமே மொத்தச் சராசரியை ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் கீழே இழுத்தது புரியும். விடுபட்ட தரவைச் சேர்த்து, எடையையும் மாற்றியபோது ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்களும் 2013-இல் கண்ட சராசரி 2.2 சதவீதம். அதிகக் கடனோடு சற்றுக் குறைந்த வளர்ச்சி சேர்ந்தே காணப்படுகிறது என்பது அதற்குப் பிறகும் நிற்கிறது. 90 சதவீதத்தில் திடீர்ப் பள்ளம் இருக்கிறது என்பது நிற்கவில்லை. கடன் ஏறியதால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் கடன் ஏறியதா என்ற கேள்வியை இந்தச் சராசரிகள் தொடவே இல்லை. இந்தத் துறைக் கட்டுரையில் ஒரு நாட்டை நீக்கினாலும் முடிவு நிற்கிறதா என்று சோதித்த அட்டவணையைத் தேடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் முடிவைத் தற்காலிகமானதாகவே கொள்ளுங்கள்.

ரோபாட்டிக்ஸ் கட்டுரையில் முயற்சிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்துக்குப் பத்து வெற்றி என்றால் நூறு சதவீதம் என்று எழுதலாம். ஆனால் உண்மையான தோல்வி விகிதம் 26 சதவீதம் வரை இருந்தாலும் பத்து முறையும் வெற்றி கிடைக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று இருக்கிறது. தோல்வியே இல்லாத நூறு முயற்சிகள் இருந்தால்தான் தோல்வி விகிதத்தின் அந்த உச்சவரம்பு 3 சதவீதத்துக்கு வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வகத்து மேசையும் முன்பின் பார்க்காத சமையலறையும் வேறு வேறு பானைகள். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா நடத்திய ரோபாட்டிக்ஸ் சவாலில், ஆய்வகங்களில் தேர்ந்த பல எந்திரங்கள் கதவைத் திறக்கும்போதும் வண்டியிலிருந்து இறங்கும்போதும் விழுந்தன. எட்டுப் பணிகளையும் 44 நிமிடம் 28 விநாடியில் முடித்து வென்ற தென்கொரியாவின் ஹூபோ, தேவைப்பட்ட இடங்களில் மண்டியிட்டுச் சக்கரங்களில் நகரும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. காணொளி இணைக்கப்பட்டிருந்தால், எத்தனை மடங்கு வேகத்தில் ஓட்டப்படுகிறது, பின்னால் மனிதர் இயக்குகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

மரபியல் புள்ளியியலில் தரவு ஏராளம். ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது. மரபணுத்தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வு, ஒன்றையொன்று சாராத சுமார் 10 லட்சம் சோதனைகளுக்குச் சமம். வழக்கமான 0.05 வரம்பை வைத்தால் எதுவுமே இல்லாத இடத்தில் 50,000 பொய்த் தொடர்புகள் கிடைக்கும். அதனால்தான் 0.05-ஐ 10 லட்சத்தால் வகுத்து, இரண்டு கோடியில் ஒன்று என்ற கடுமையான வரம்பை இந்தத் துறை ஏற்றுக்கொண்டது. அதைவிடத் தளர்வான வரம்பை வைத்து, சில நூறு பேரிடம் ஒற்றை மரபணுவைச் சோதித்து, மனநிலையையோ அறிவுத்திறனையோ விளக்கும் கட்டுரை வந்தால் நம்ப அவசரப்பட வேண்டாம்.

வரம்பைத் தாண்டிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களிடம் 2005-இல் நடந்த ஓர் ஆய்வில், பாலைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மரபணுவின் மாறுபாடு உயரத்தோடு வலுவாகத் தொடர்புடையதாகத் தோன்றியது. அந்த மாறுபாடு வட ஐரோப்பாவில் மிகுதி. அங்கே மக்கள் சராசரியாக உயரம். ஐரோப்பாவின் எந்தப் பகுதியிலிருந்து வந்த முன்னோர் என்பதைப் பொருத்தி ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. ஆகவே முன்னோர் வழி வேறுபாட்டை எப்படிச் சரிசெய்தார்கள் என்று தேடுங்கள்; உடன்பிறந்தோரை ஒப்பிட்ட ஆய்வாக இருந்தால் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். ஒரே பெற்றோரின் பிள்ளைகளில் எந்த மாறுபாடு யாருக்குக் கிடைக்கிறது என்பது தற்செயலாகவே அமைவதால், ஊரும் முன்னோரும் அங்கே குழப்ப முடியாது. நமக்கு இது மிகவும் முக்கியம். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகத்தில் மரபணு மாறுபாடுகளும், உணவும், பள்ளிப்படிப்பும், வருமானமும் ஒன்றாகவே சேர்ந்து மாறுகின்றன. இந்தத் துறையின் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை. அவற்றிலிருந்து கணக்கிட்ட மரபணு மதிப்பெண்களை (பல மாறுபாடுகளின் விளைவைக் கூட்டிப் பெறும் எண்களை) நம் குடும்பத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

வாசித்து முடித்ததும், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து, வேறு குழு வேறு தரவை வைத்து அதே முடிவுக்கு வந்ததா என்று பாருங்கள். அதே தரவை மீண்டும் அலசியது ஒரு படி. புதிய தரவில் கண்டது அதைவிட உயர்ந்த படி. தரவும் நிரலும் கிட்ஹப் போன்ற நிரல் பகிரும் தளத்தில் திறந்திருந்தால், ஒரே ஓர் அட்டவணையையாவது நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். எண் ஒத்துவராவிட்டால், தரவின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள், எந்த வரிசையில் எவ்வளவு வேறுபாடு வந்தது என்பதைக் குறிப்பிட்டு ஆசிரியர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.