ஜெர்மன் படித்துவிட்டு சேலத்தில் என்ன வேலை பார்ப்பது?

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஜெர்மன் வகுப்பு நடத்துகிறேன். மே, ஜூன் மாதங்களில் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் வகுப்பில் சேர வருவதில்லை. பி.ஏ. ஜெர்மன், எம்.ஏ. பிரெஞ்சு என்று பட்டத்தோடு பிள்ளை நிற்கும். "இதுக்கு என்ன வேலைங்க மேடம் கிடைக்கும்?" என்று அப்பாவோ அம்மாவோ கேட்பார்கள். நான் சபரி எக்ஸ்பிரஸில் ஏறி ஹைதராபாத்துக்கு ஜெர்மன் படிக்கப் போனபோது, அம்மாபேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

முதல் வேலை, உங்கள் மொழியின் நிலைத் தேர்வை எழுதி முடிப்பது. பட்டச் சான்றிதழைப் பார்த்து நீங்கள் எவ்வளவு பேசுவீர்கள் என்று கம்பெனிக்காரருக்குத் தெரியாது. பி2 என்று சொன்னால் தெரியும். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஜெர்மனுக்குச் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலும், பிரெஞ்சுக்கு அங்கேயே அலியான்ஸ் பிரான்சேஸிலும் தேர்வு எழுதலாம். பட்டம் முடிக்கும்போது கையில் பி2 இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கோ மேல்நிலை வகுப்பு எடுக்கவோ ஆசை இருந்தால் சி1 இல்லாமல் முடியாது.

ஜப்பானியம் படித்தவர்களுக்கு ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கும். என்5-இல் தொடங்கி என்1-இல் முடியும். அலுவலக வேலைக்கு என்2 வரை ஏறிவிடுங்கள். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. என்2 வைத்திருந்தும் நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தினமும் அரை மணி நேரமாவது யாருடனாவது பேசிப் பழகுங்கள். கொரிய மொழிக்கான டோபிக் சான்றிதழ் இரண்டு வருஷம்தான் செல்லும் என்பதால் அதை வேலை தேடப் போகும் நேரத்தில் எழுதுங்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். மொழி தெரிந்த ஒருவர் என்று யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. ஏதோ ஒரு தொழிலும் அதோடு மொழியும் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். எனக்கு இது புரிவதற்கு மூன்று வருஷம் ஆனது. படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பி.பி.ஓ.வில் ஜெர்மன் இன்வாய்ஸ் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். கெட்ட வேலை இல்லை. ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருப்பதால் மதியம் போய் இரவு பத்து, பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம். வீட்டில் 'நைட் ஷிப்ட்' என்று பயந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆனால் அங்கே ஜெர்மனோடு கணக்குப் பதிவியலும் தெரிந்தவர்கள் மேலே போனார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, கரூரில் டவலும் மேசைவிரிப்பும் ஏற்றுமதி செய்கிற ஒருவர், தெரிந்தவர் மூலம் ஒரு கடிதம் அனுப்பினார். ஜெர்மன் வாங்குநர் எழுதிய புகார். கம்ப்யூட்டரில் போட்டு ஆங்கிலத்தில் எடுத்திருந்தார்கள்: 'செயின் சரி, ஷாட் தளர்வு' என்று வந்திருந்தது. அங்கே வாங்குநரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூலத்தில் 'கெட்டே', 'ஷுஸ்' என்று இருந்தது. கெட்டே என்றால் சங்கிலி, ஷுஸ் என்றால் துப்பாக்கிச் சூடு. ஆனால் நெசவில் கெட்டே என்பது பாவு, ஷுஸ் என்பது ஊடை! துணி மாதிரியை அப்பாவிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிக் குறைச்சு ஓட்டியிருக்காங்க கண்ணு, அதான் தொளதொளன்னு இருக்கு" என்றார். பிக் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை இழை என்ற கணக்கு. நான் அதை அப்படியே எழுதி அனுப்பினேன். அந்த ஏற்றுமதியாளர் இன்றுவரை என்னிடம்தான் வேலை தருகிறார். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம் படித்ததும் அப்பாவின் தறிக்குழியும் அன்றைக்குத்தான் ஒன்று சேர்ந்தன.

அதனால் உங்கள் வீட்டில், தெருவில் என்ன தொழில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் தொழிலில் முந்நூறு சொற்களை நீங்கள் படித்த மொழியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். ஜவுளி என்றால் வேலை நிறையவே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் துணியில் இழை விவரம் எந்த நாட்டில் விற்கிறதோ அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பருத்தி என்பதை ஜெர்மனியில் 'பௌம்வொல்லெ' என்றுதான் லேபிளில் அச்சிட வேண்டும். ஜனவரியில் ஃபிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கரூர்க்காரர்கள் போகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் எனக்குத் தூங்க நேரம் இருக்காது. துணியில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு ஒரகடத்தில் ஜெர்மன், ஜப்பானிய நிறுவனங்களின் வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் கொரியாவின் ஹூண்டாய். அங்கே போவதாக இருந்தால் எக்ஸெல்லும் உதிரிபாகங்களின் பெயர்களும் கற்றுக்கொண்டு போங்கள்.

வீட்டிலிருந்து மொழிபெயர்க்கும் வேலை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது பெரும்பாலும் இயந்திரம் செய்ததைத் திருத்தும் வேலைதான் வருகிறது, கூலியும் குறைவு. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஓர் ஏஜென்சி நாற்பது பக்கத்துக்குப் பணமே தரவில்லை. அப்புறம்தான் எழுத்தில் ஆர்டர் வராமல் ஒரு வரியும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். புதியவரிடம் முதலில் ஐந்து பக்கம் மட்டும் செய்து கொடுங்கள், பணம் வந்த பிறகு மீதியைப் பாருங்கள். ஒமேகா-டி என்ற இலவச மென்பொருளைப் பழகினால் முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்கள் சேமிப்பில் இருக்கும். வாடிக்கையாளரின் ஒப்பந்தங்களை இலவச மொழிபெயர்ப்புத் தளங்களில் போடாதீர்கள்.

கற்பிப்பதுதான் என் மனதுக்கு நெருக்கமானது. பள்ளியில் சேர பி.எட். வேண்டும், கல்லூரிக்கு எம்.ஏ.வோடு நெட் தகுதித் தேர்வு, இது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாதது, செவிலியர்கள். ஜெர்மனியில் செவிலியராக முழு அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். நர்ஸிங் முடித்த பெண்கள் டூட்டி முடிந்து, சாப்பிடாமல்கூட நேராக என் வகுப்புக்கு வந்து உட்கார்கிறார்கள். அவர்களுக்குக் கவிதை வேண்டாம். ஷிப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் நோயாளியை ஒப்படைப்பதை ஜெர்மனில் 'ஊபர்காபே' என்பார்கள். வலி, மருந்து, படுக்கைப்புண் எல்லாவற்றையும் மூன்று நிமிடத்தில் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வார்கள் என்பதை முதலில் அவர்களிடமே தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜெர்மன் ஆசிரியர்களுக்கென்றே கோதே இன்ஸ்டிட்யூட் நடத்தும் டி.எல்.எல். பயிற்சியும் பயன்பட்டது.

வகுப்பு எடுக்கத் தொடங்கினால் ஆள் அனுப்பும் ஏஜென்ட்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஒரு மாணவிக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசுவார்கள். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்த ஆளை வகுப்புக்குள் விடாதீர்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? உங்கள் தொழிலில் பத்துக் கம்பெனிகளின் பெயரை எழுதுங்கள். அவர்களுடைய இணையதளத்தில் ஒரு பக்கத்தை எடுத்து நீங்கள் படித்த மொழியில் சுத்தமாக மொழிபெயருங்கள். தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ஈமெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நேரில் போங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் உண்டு. இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதலாளிக்கு, இன்னொன்று மெர்ச்சண்டைசருக்கு. முதலாளி மறந்தாலும் அடுத்த ஜெர்மன் கடிதம் வரும் நாளில் மெர்ச்சண்டைசர் உங்களைக் கூப்பிடுவார்.