பிஎல்எஃப்எஸ் தரவில் கல்வி – தொழில் அட்டவணை: முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தைத் தொலைக்காதீர்கள்

எந்தப் படிப்பு படித்தவர்கள் எந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று தமிழ்நாட்டுக்கு ஓர் அட்டவணை போட்டேன். ஆயத்த ஆடைத் தொழிலில், பள்ளிக்கே போகாத கிராமத்துப் பெண்கள் குவிந்திருந்தார்கள். திருப்பூரின் வீச்சு என்று நம்பினேன். பார்த்தால், அவர்களில் பலர் ஆடு மாடு வளர்ப்பவர்கள்.

முதலில் தரவு. 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பிஎல்எஃப்எஸ்) கோப்புகள் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா (தனிநபர் அளவிலான மூலத் தரவு) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023-24ஆம் ஆண்டின் முதல் வருகை, நபர் கோப்பை (கணக்கெடுப்பாளர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது ஒவ்வொரு நபரைப் பற்றியும் பதிந்தது) எடுங்கள். (2025 ஜனவரியிலிருந்து ஆய்வின் வடிவமே மாறிவிட்டது. இந்தக் குறிப்பு அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு.)

திறந்தால் காற்புள்ளிகூட இல்லாமல் எண்கள் வரிவரியாக ஓடும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்தத் தகவல் என்பது உடன் வரும் அமைப்புப் பட்டியலில் இருக்கிறது. இதற்கு எக்செல் வேண்டாம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளே சரி. செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கும், தவறை மறுநாளும் தேடிப் பிடிக்கலாம்.

நான் சறுக்கிய இடம் இதுதான். தொழிலைக் குறிக்கும் என்ஐசி 2008 (தேசியத் தொழில் வகைப்பாடு) குறியீட்டில் ஐந்து இலக்கங்கள். முதல் இரண்டும் தொழிற்பிரிவு. கால்நடை வளர்ப்பு 014 என்று தொடங்கும். அந்தப் பத்தியை (நெடுவரிசையை) எண்ணாகப் படித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் உதிர்ந்து, முதல் இரண்டு இலக்கம் 14 ஆகிவிடும். 14 என்பது ஆயத்த ஆடை. நெல் சாகுபடி 0112. பூஜ்ஜியம் போனால் 11, அதாவது பானத் தயாரிப்பு. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆகவே எல்லாப் பத்திகளையும் எழுத்துகளாகவே படியுங்கள். எடை (மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்), வயது போன்று கணக்குப் போட வேண்டியவற்றை மட்டும் பிறகு எண்ணாக்குங்கள்.

தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33. கல்வியில் 08 பத்தாம் வகுப்பு, 10 பன்னிரண்டாம் வகுப்பு, 11 டிப்ளமோ, 12 பட்டம். 09 இல்லை, தேடாதீர்கள்.

அடுத்து, முதன்மை வேலையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டின் பெரும்பகுதி வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதன்மை நிலை 92 என்று பதிவாகும். அவரே 30 நாளாவது குடும்பத்தின் ஆடுகளைச் சம்பளமில்லாமல் மேய்த்திருந்தால், துணை நிலையில் 21 என்று இருப்பார். துணை நிலையையும் சேர்க்காவிட்டால் அவர் உழைக்கவே இல்லை என்று நம் அட்டவணை சொல்லும். எனக்குப் பொறுக்க முடியாத பிழை இது.

கடைசியில் எடை. துணை மாதிரிக்கு (ஆய்வின் மாதிரியைப் பிரித்த பகுதி) ஏற்ப 100ஆல் அல்லது 200ஆல் வகுத்து, காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். அந்த ஆண்டின் வழிகாட்டிக் கோப்போடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: எழுத்தாகப் படித்தும் பூஜ்ஜியம் காணவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமித்து, எக்செல்லில் திறந்து, மறுபடி சேமித்திருக்கிறார். திறக்கும்போதே எக்செல் அதை எண்ணாக்கிவிடும். ஆரிலேயே அதன் சொந்த வடிவமான ஆர்டிஎஸ் கோப்பாகச் சேமியுங்கள்.

இன்னொருவர் திருப்பூர் மாவட்டத்துக்கு மட்டும் பட்டதாரிப் பெண்களைப் பிரித்துக் கேட்டார். எடை போடாமல் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் என்றால் அந்தச் சதவீதத்தை வெளியிடாதீர்கள்.